இன்னும் தெரியாதவை

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். மகள் நிவியின் புதுச் சீருடையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது. காபி ஆறுவதற்குள் தைத்துக் கொடுத்தேன். காலையிலிருந்தே சாரல். பாலக்காட்டுப் பக்கமிருந்து இந்தக் காற்று வரும்போது, கோயம்புத்தூர் முழுவதும் யாரோ ஈரத் துணியை உதறிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும்.

அலுவலகத்தில் புது வேலை வந்திருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியின் தூக்கப் பிரிவுக்கு. குறட்டை விடுகிறவர்கள், தூக்கம் வராதவர்கள், வந்த தூக்கம் விடாதவர்கள் எல்லோரையும் அங்கே படுக்கவைத்து, தலையிலும் கண்ணோரத்திலும் ஒயர் ஒட்டி, மூளையின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். பல வருடப் பதிவுகள் ஒரு பழைய சர்வரில் கிடக்கின்றன. அந்த அறையை இடித்து ஸ்கேன் எந்திரம் வைக்கப்போகிறார்களாம். மாதக் கடைசியில் சர்வர் அணைந்துவிடும். அதற்குள் எல்லாக் கோப்புகளையும் நாங்கள் எழுதும் புது மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும்.

யாருக்கும் பிடிக்காத பகுதி என்னிடம் வந்தது. வகை தெரியாத கோப்பு வந்தால் என்ன செய்வது என்ற பகுதி.

"அது பெரிய வேலையெல்லாம் இல்லீங்க மேடம்," என்றார் தினகரன். எங்கள் குழுத் தலைவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். "முக்காவாசி ஃபைல் தெரிஞ்ச டைப்புதான். தெரியாதது வந்துச்சுன்னா 'அதர்ஸ்'ல தள்ளி விட்ருங்க."

எங்கள் தொழிலில் எல்லா நிரலுக்கும் கடைசியில் அப்படி ஒரு கிளை உண்டு. இதுவா, அதுவா, அதுவும் இல்லையா என்று கேட்டுக்கொண்டே வந்து, எதுவுமே இல்லையென்றால் போய் விழுகிற இடம். அதை யாரும் யோசித்து எழுதுவதில்லை. பழைய நிரலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவோம். இந்த மென்பொருளில் அந்த இடத்தில் விழும் கோப்புகள் ஒரு வாரத்தில் தாமாகவே அழிந்துவிடும்.

தூக்கம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்குக் கொட்டாவி வந்தது. பக்கத்து நாற்காலி ஷப்னம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 5, வியாழன்

சத்தி ரோட்டில் மழை. ஸ்கூட்டர் வாசலில் நின்றபோதுதான் வீடு வந்துவிட்டது தெரிந்தது. நடுவில் இருந்த சிக்னல்கள் எதுவும் நினைவில் இல்லை. வண்டிக்கு வழி தெரியும்.

ஜூன் 9, திங்கள்

முதல் தெரியாத கோப்பைத் திறந்தேன்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று எழுத்து வருமே, அதை நாங்கள் வால் என்போம். வாலைப் பார்த்துத்தான் பெரும்பாலான மென்பொருள்கள் இது படமா, பாட்டா, கடிதமா என்று முடிவு செய்கின்றன. ஆஸ்பத்திரியின் ஒரு பழைய எந்திரம் எழுதிய கோப்புகளுக்கெல்லாம் கே.டி.ஆர். என்று வால். ஷப்னமும் நானும் இணையம் முழுக்கத் தேடினோம். எங்கும் இல்லை. அந்த எந்திரத்தைச் செய்த கம்பெனியே இப்போது இல்லையாம்.

வால் புரியாவிட்டால் தலையைப் பார்க்க வேண்டும். எந்தக் கோப்பும் தன் முதல் சில எழுத்துகளில் தான் யார் என்று சொல்லிவிடும். வெளியே பெயரை யார் எப்படி மாற்றினாலும் உள்ளே அது மாறாது. அதற்கென்று இருக்கும் கருவியில் திறந்தேன். திரை முழுக்க எண்கள், இரண்டிரண்டாக, முறத்தில் பரப்பிய அரிசிபோல. பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரங்களில் அசைகிறது. இதற்குள் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. எழுப்பிவிடக் கூடாதே என்று விசைகளை மெதுவாகத் தட்டினேன்.

மதியம் சாப்பிடும்போது ஷப்னம் தன் மாமியார் புது மிக்ஸியிடம் பேசும் கதையைச் சொன்னாள். "'ஏனுங்க, கொஞ்சம் மெதுவாத்தான் சுத்துங்களேன்'னு மிக்ஸியக் கெஞ்சறாங்கக்கா. எனக்கு ஒரு நாளாவது 'ங்க' போட்டிருப்பாங்களா?"

என் கையிலிருந்த தயிர்சாத டப்பா நழுவிக் கீழே விழுந்தது.

"இந்தக்கா சிரிச்சாலே ஏதாச்சும் ஒண்ணு கீழ விழுந்துருது," என்று துடைக்கத் துணி எடுத்து வந்தாள்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நன்றாகச் சிரித்தால் கை கால் துணியாகிவிடும், ஒரு நொடி, இரண்டு நொடி. அதனால்தான் எங்கே போனாலும் சுவரோரமாக இடம் பிடிக்கிறேன். சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் சுவரைத் தொட்டுக்கொள்வேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம்.

ஜூன் 12, வியாழன்

தூக்கப் பிரிவின் தலைவர் டாக்டர் மெர்சியுடன் வீடியோவில் கூட்டம். நரையை மறைக்காத, நிதானமாகப் பேசுகிற பெண்மணி.

"அந்தப் பழைய மெஷினோட ஃபைல் எல்லாமே வேணும்தான். ஆனா ஒண்ணு ரொம்ப முக்கியம்," என்று ஒரு பதிவின் எண்ணைச் சொன்னார். நோயாளிகளின் பெயர் எங்களுக்குத் தரப்படாது. "ஒரு டீச்சர். பாடம் எடுத்துட்டிருக்கப்பவே தூங்கிடறாங்க. சில நேரம் நின்ன எடத்துலயே சரிஞ்சிடறாங்க. நாலு வருஷம் முன்னாடி எங்ககிட்ட டெஸ்ட்டுக்கு வந்தாங்க. அந்த வாரமே மெஷின் போயிடுச்சு, ரிப்போர்ட்டே எழுதல. அப்புறம் வேற எங்கேயோ போயி, அங்க ஃபிட்ஸ்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அது ஃபிட்ஸ்னு தோணல."

"மறுபடி ஒரு டெஸ்ட் எடுத்துரலாமே டாக்டர்?" என்றார் தினகரன்.

"இப்ப சாப்பிடற மாத்திரைங்க தூக்கத்தோட அலையையே மாத்திடும். திடீர்னு நிறுத்தவும் முடியாது. மாத்திரைக்கு முன்னாடி எடுத்தது அந்த ஒரு பதிவுதான். ஸ்கூல்ல மெமோ குடுத்துட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள என்ன வியாதின்னு நான் எழுதிக் குடுக்கணும். இல்லைன்னா வேலை போயிடும் அவங்களுக்கு."

அதன் பிறகு பதிவு எடுக்கும் முறையை விளக்கத் தொடங்கினார். அறை வெதுவெதுப்பாக இருந்தது. நான் ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு பெண் குனிந்து, மிகப் பொறுமையாக, "கண்ண மூடுங்க. இப்பத் தெறங்க. தலைய அசைக்காம இடது பக்கம் பாருங்க. வலது பக்கம். மறுபடி இடது பக்கம்," என்றாள். பார்த்தேன். இடது பக்கம் பாசி. வலது பக்கம் நிவி சீருடையுடன் மீன்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஷப்னம் முழங்கையால் இடித்தாள். திரையில் எல்லோரும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் தினகரனிடமிருந்து செய்தி. 'மேடம், கிளையன்ட் முன்னாடி இப்படி வேண்டாமே. முடியலைன்னா சொல்லிருங்க, நான் பாத்துக்கறேன்.' மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். முந்தின இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கூட்டத்துக்கு முந்தின இரவு நான் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேனாம். நிவி சொல்கிறாள்.

ஜூன் 14, சனி

நிவியை டியூஷனில் விட்டுக் கூட்டி வந்தேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் என் காதருகே வாயை வைத்துப் பாடிக்கொண்டே வருவாள். பாட்டு தீர்ந்தால் இடுப்பில் கிள்ளுவாள். பதினொன்றாம் வகுப்பு வந்தும் செல்லம் குறையவில்லை.

கீரை ஆய்ந்தேன். துணி காயவே இல்லை.

ஜூன் 16, திங்கள்

தினகரன் உற்சாகமாக இருந்தார். "வேல முடிஞ்சுது மேடம். கே.டி.ஆர். எல்லாத்தையும் உள்ள ஏத்திட்டேன்."

எப்படி என்று கேட்டேன்.

"வாலை மாத்தினேன். இப்ப எல்லாரும் பயன்படுத்தற டைப்போட வாலைப் போட்டேன். நம்ம சாஃப்ட்வேர் வாங்கிக்கிச்சு. தலை சரியில்லைன்னு ஒரு எரர் வந்துச்சு. தலை இல்லாட்டி வழக்கமான அளவையே எடுத்துக்கோன்னு ஒரு வரி சேர்த்து விட்டேன்."

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எப்போதாவது செய்கிற காரியம்தான். திறக்காத கோப்பின் பெயரை மாற்றிப் பார்ப்பது. பத்தில் ஒரு முறை திறந்துவிடும். அந்த ஒரு முறைதான் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மதியம் டாக்டருக்குக் காட்டினார். டீச்சரின் பதிவு திரையில் விரிந்தது. மேலும் கீழும் ஈட்டி ஈட்டியாகக் கோடுகள், இடைவெளியே இல்லாமல். ஆஸ்பத்திரிப் பக்கம் யாரோ, "ஃபிட்ஸ் மாதிரியில்ல இருக்கு?" என்றது கேட்டது.

டாக்டர் மெர்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு மோசமாவா? அப்ப நான் நினைச்சது தப்பா?" என்றார் யாரிடமோ. பிறகு, "பதிவு முழுசா சரியா வந்திருக்கா? உறுதியா சொல்ல முடியுமா?"

"வந்திருக்குங்க டாக்டர்," என்றார் தினகரன்.

கூட்டம் முடிந்ததும் சொன்னேன். "எனக்கு அது சரின்னு தோணலைங்க. தூங்கற மனுஷங்களோட கோடு இப்படி இருக்காது. முதல் நிமிஷத்துலருந்து கடைசி நிமிஷம் வரைக்கும் ஒரே மாதிரியாவா ஃபிட்ஸ் வரும்?"

"டாக்டரே ஒண்ணும் சொல்லல. நீங்க எப்படிங்க மேடம் சொல்றீங்க?" கணினியைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "தூக்கத்தப் பத்தி நம்ம ஆபீஸ்ல உங்களுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி, அது வாஸ்தவம்தான்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஷப்னம் சிரிக்கவில்லை. எனக்கும் கை கால் எதுவும் துவளவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நிவியின் செருப்பு வார் அறுந்துவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும். தினகரனிடம் நாளைக்கு மறுபடி பேச வேண்டும். வாலை மாற்றுவதால் உள்ளே இருப்பது மாறாது என்று நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும். வால் மாறினாலும் மாடு மாடுதான், அதை உள்ளே ஓட்டி வந்து கட்டியாயிற்று, சர்வர் அறையில் நின்று மூச்சு விடுகிறது, தலை ஈரமாக இருக்கிறது, துவட்ட வேண்டும், அப்பா துண்டு கொண்டு வருகிறார் ஆனால் துண்டெல்லாம் எண், உதறினால் எண்கள் பறந்து டீச்சர் வீட்டு ஓட்டின் மேல் இடது பக்கம் இடது பக்

ஜூன் 18, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். பேனா மட்டும் விழித்திருந்திருக்கிறது. மணி அப்போது ஏழுகூட ஆகியிருக்காது. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

நிவி எட்டிப் பார்த்துவிட்டு, "என் ஹோம்ஒர்க் நோட்டுலயும் ஒரு நாள் இப்படித்தாம்மா கையெழுத்துப் போட்டிருந்த. கையெழுத்து கடைசிப் பக்கம் வரைக்கும் போயிருந்துச்சு," என்றாள்.

பருப்பு அடிப்பிடிக்கவில்லை. அவள் அணைத்திருக்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

மதிய உணவுக்குப் பிறகு எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். நான் டீச்சரின் அசல் கோப்பை, யாரும் பெயர் மாற்றாத நகலை, மறுபடி திறந்து வைத்துக்கொண்டேன். அரிசி பரப்பிய திரை. பாதிக் கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்க்கும்போது எண்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நடப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் அடிக்கடி மாறுகிறார், மற்றவர் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அடிக்கடி மாறுகிறவர் பின்னால் அல்லவா வர வேண்டும்? இங்கே முன்னால் நிற்கிறார்.

உடம்பெல்லாம் சட்டென்று விழித்துக்கொண்டது. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு கட்டங்களில்தான் எழுதி வைப்பார்கள். பெரிய கட்டம் முதலா, சிறியது முதலா என்பது எந்திரத்துக்கு எந்திரம் மாறும். ஐம்பத்தொன்று என்று எழுதியதைத் திருப்பிப் படித்தால் பதினைந்து. பழைய எந்திரம் ஒரு முறையில் எழுதியிருக்கிறது; நாங்கள் வாலை மாற்றி ஏமாற்றியதால் எங்கள் மென்பொருள் மறுமுறையில் படித்திருக்கிறது. அந்த ஈட்டிகள் டீச்சருடையவை அல்ல. நாங்கள் செய்தவை.

கட்டங்களைத் திருப்பி வரைய ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன்.

ஈட்டிகள் போய்விட்டன. கடல் வந்தது. மெல்லிய, நீளமான, ஒன்றன்மேல் ஒன்று படியும் அலைகள். ஒரு பெண்ணின் தூக்கம், நாலு வருடமாக யாரும் பார்க்காதது.

பதிவின் தொடக்கத்துக்குப் போனேன். கண்ணோரத்து ஒயர்களின் கோடு இரண்டு. அவை எதிரெதிராக வளைந்தன. ஒரு பக்கம், மறுபக்கம், ஒரு பக்கம், மறுபக்கம். ஊஞ்சலை யாரோ ஆட்டிவிட்டதுபோல். எங்கோ பார்த்த அசைவு. எங்கே என்று யோசித்தபோது காதருகே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இடது பக்கம் பாருங்க. வலது பக்கம். மறுபடி இடது பக்கம்.

குளத்துக்கு மேலே குனிந்து பேசியவள் டாக்டர் மெர்சி. பதிவு தொடங்கும்போது ஒவ்வொருவரையும் அப்படிப் பார்க்கச் சொல்வார்களாம் என்று கூட்டத்தில் விளக்கியிருக்கிறார். நான் தூங்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். ஷப்னத்திடம் உறுதி செய்துகொண்டேன். "ஆமாக்கா, சொன்னாங்க. அதான் நீங்க..." என்று நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

என் கணவர் வேலுவிடம் சொன்னேன். அவர் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர், எண்களைத் திருப்பிப் படித்த கதை உடனே புரிந்துவிட்டது. "பாவம், அந்தப் பொம்பளப் புள்ள. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிரு. இல்லாட்டி அந்த ஈட்டியவே ரிப்போர்ட்டுன்னு ஒட்டிருவாங்க," என்றார்.

"சொன்னா கேக்கணுமே. நான் மீட்டிங்ல தூங்கிட்டேன்னு பேரு வந்துருச்சுங்க."

"உனக்கு ரத்தம் கம்மி. பேரீச்சம்பழம் வாங்கிட்டு வர்றேன்."

பள்ளியில் தூங்குமூஞ்சி என்றார்கள். கல்யாணமான புதிதில் புது இடம், களைப்பு என்றார்கள். நிவி பிறந்ததும் ரத்தக் குறைவு. பேரீச்சம்பழம் எனக்குப் பிடிக்கும்தான்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் தினகரனிடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. ஆனால் உடனே சொன்னது இது: "வெள்ளிக்கிழமை ஃபைல் ஏத்தற கடைசி ஓட்டம் மேடம். திங்கக்கிழமை சர்வர் போயிரும். இப்பப் போயி தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா நம்ம பேரு என்னாகும்? சத்தமில்லாம அடுத்த மாசம் ஒரு அப்டேட்ல சரி பண்ணிக்கலாம்."

"மாசக் கடைசிக்குள்ள அவங்க எழுதிக் குடுக்கணும்னு சொன்னாங்களே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த மீட்டிங்ல நீங்க..."

"அது நான் தூங்கறதுக்கு முன்னாடி சொன்னதுங்க. தூங்கினதுக்கு அப்புறம் சொன்னதும் தெரியும்."

இவ்வளவு சத்தமாக நான் பேசி என் காதே கேட்டதில்லை. ஷப்னம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "சார், மூணு மணிக்கு டாக்டர் கால் இருக்கு. அக்காவே காட்டட்டும். தப்புன்னா டாக்டரே சொல்லிரப் போறாங்க," என்றாள். தினகரன் தடுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கடலை டாக்டருக்குக் காட்டினேன். முதலில் தொடக்கம். கண்களின் கோடு ஊஞ்சலாடியது. அவர் திரைக்கு அருகே வந்து, தன்னையறியாமல் உதட்டை அசைத்தார். இடது, வலது, இடது, வலது.

"இதான்," என்றார். "இதான் சரியான பதிவு. அன்னைக்குக் காட்டுனதுல இது இல்லவே இல்ல. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

"அது எங்க தப்புங்க டாக்டர்," என்றார் தினகரன். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் சொன்னார். "ஃபைலோட பேர மாத்தி ஏத்திட்டேன். கோதை மேடம்தான் கண்டுபிடிச்சாங்க."

டாக்டர் மேலே நகர்த்தச் சொன்னார். பகலில் டீச்சரைச் சிறிது நேரம் படுக்கவைத்து எடுத்த பகுதி. ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். கண்களின் கோடுகள் அங்கே வேகமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. "பாத்தீங்களா, இது கனவு. படுத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல. சாதாரணமா தூங்கி ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் கனவு வரும். இவங்க கண்ண மூடுன உடனே கனவுக்குள்ள போயிடறாங்க. இது ஃபிட்ஸ் இல்ல. இது தூக்கத்தோட வியாதி. பேரு இருக்கு, மருந்து இருக்கு. சிரிச்சா கை கால் துவண்டு விழறதும் இதுல சேர்ந்ததுதான்."

எல்லோருக்கும் உடனேதான் கனவு வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

ஷப்னத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "நாங்க எல்லாம் முழிச்சுட்டே கேக்காததை எங்கக்கா தூங்கிட்டே கேட்டிருக்காங்க டாக்டர். இனிமே எல்லா மீட்டிங்லயும் ஒரு தலகாணி போட்ரலாம்னு இருக்கோம்!"

சிரிப்பு பொங்கியது. நான் அறையின் நடுவில் இருந்தேன். கையை நீட்டினேன், சுவர் இல்லை. பேனா விழுந்தது, தாடை தளர்ந்து தலை முன்னால் சரிந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. நிமிர்ந்தபோது எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"கோதை, நீங்க மட்டும் ஒரு நிமிஷம் இருங்க," என்றார்.

மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவர் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்ற ஒரே பதில்தான் வந்தது. கடைசியாக, வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார்.

வீட்டுக்கு ஷப்னம் கொண்டுவந்து விட்டாள். வண்டியில் ஏதோ கோளாறு என்று அவளிடம் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

கடைசி ஓட்டம் முடிந்தது. எல்லாக் கே.டி.ஆர். கோப்புகளும் தங்கள் தலையோடும் வாலோடும் வந்து சேர்ந்தன. அவற்றைப் படிக்கத் தனி நிரல் எழுதியிருக்கிறேன். டீச்சரின் பதிவு நேற்றே டாக்டரின் மேசைக்குப் போய்விட்டது.

'அதர்ஸ்' கிளையை எடுத்துவிட்டேன். அங்கே புதிதாக ஒரு பகுதி. வகை தெரியாத கோப்பு வந்தால் பெயரை மாற்றக் கூடாது. திறந்து திருத்தக் கூடாது. அழிக்கக் கூடாது. வந்தபடியே தனியாக வைத்து, இது என்ன என்று தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தினகரன் கேட்டார்.

"இன்னும் தெரியாதவை," என்றேன்.

"கொஞ்சம் நீளம்," என்றார். ஆனால் அப்படியே வைத்தார்.

ஜூலை 1, செவ்வாய்

சர்வர் நேற்று அணைந்துவிட்டது. இடிக்கும் சத்தம் போனிலேயே கேட்டது என்று ஷப்னம் சொன்னாள்.

காலையில் ஸ்கூட்டர் சாவியை வேலுவிடம் கொடுத்தேன். என்னம்மா என்றார். டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவர் பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து அலமாரியின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தார், ஏதோ அவர்தான் தவறு செய்துவிட்டதுபோல.

நிவி தலை பின்னிக்கொண்டு நின்றாள். "அப்ப நான் இனிமே பாட வேண்டாமாம்மா?" என்றாள்.

"ஏன் சாமி? பாடேன்."

"இல்ல, நான் பாடலைன்னா நீ கண்ண மூடிருவ. ஆறாவதுல இருந்து தெரியும். பாட்டு தெரியாத அன்னைக்கு வாய்ப்பாடு சொல்லிட்டு வருவேன். அதுக்கும் நீ அசையலைன்னாதான் கிள்ளுவேன்."

அவள் சடையை நான் பின்னி முடித்தேன். ரிப்பன் நேராக வரவில்லை. அப்படியே போனாள்.

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் ஆறு மணி. இன்று இரவும் நாளை பகலும் நான் இங்கே தூங்க வேண்டும். வேலு என் தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிவியைக் கூட்டிவரப் போயிருக்கிறார்.

தூக்கப் பிரிவின் வாசலில் ஒரு காவலாளி நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே காத்திருக்கும் இடத்தில் வரிசையாக நாற்காலிகள். நடுவில் நிறைய காலி. நான் வழக்கம்போலச் சுவரோரம் இடம் பார்த்தேன். மூலையில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் ஏற்கெனவே சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒயர் ஒட்டும் பெண் வெளியே வந்தாள். "டீச்சர், மாத்திரை சீட்டு டாக்டர் எழுதிட்டிருக்காங்க. பத்து நிமிஷம். கோதைங்களா நீங்க? உங்களுக்கு அடுத்து ஒயர் மாட்டணும்."

டீச்சர் என்னைப் பார்த்து, "பயப்படாதீங்க, வலிக்காதுங்க. அந்தப் பசை மட்டும் தலையில ரெண்டு நாளைக்கு ஒட்டிட்டே கெடக்கும்," என்றார். "கண்ண இப்படிப் பாருங்க, அப்படிப் பாருங்கம்பாங்க. பாத்தாப் போதும்."

"தெரியுங்க," என்றேன்.

"முன்னாடியே வந்திருக்கீங்களா?"

என்ன சொல்வது? உங்கள் தூக்கத்தை நான் பார்த்திருக்கிறேன், அது கடல்போல இருந்தது என்றா? இல்லை என்று தலையசைத்தேன். ஸ்கூல் எப்படிங்க போகுது என்று மட்டும் கேட்டேன்.

"மெமோவ வாபஸ் வாங்கிட்டாங்க. மத்தியானம் கொஞ்ச நேரம் படுக்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு பெஞ்சும் குடுத்திருக்காங்க. இப்ப மத்த டீச்சருங்க எல்லாம் அந்த பெஞ்சுக்குச் சண்டைக்கு வர்றாங்க."

வாசலில் காவலாளியின் குறட்டை ஒரு படி ஏறி, உச்சியில் நின்று, விசிலாக இறங்கியது. ஒயர் ஒட்டும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "தூங்க வந்தவங்க எல்லாம் முழிச்சுட்டு இருக்காங்க. முழிச்சிருக்கச் சம்பளம் வாங்கற மனுஷன் தூங்கறாரு பாருங்க!"

"அந்த ஒயர அவருக்கே மாட்டி விட்ருங்க," என்றார் டீச்சர். "டெஸ்ட் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

சிரிப்பு வந்தது. எனக்கு முன்பே டீச்சருக்கு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பதற்கு முன்னால், மிகச் சாதாரணமாக, வருடக்கணக்கான பழக்கத்தில், அவர் கையை நீட்டிச் சுவரைத் தொட்டார்.

என் கை அங்கே ஏற்கெனவே இருந்தது.